‘பேப்பர் ஹேண்ட்ஸ்’ என்று ஏசுகிறார்கள், விற்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். அத்தான் சேர்த்துவிட்ட டெலிகிராம் குழுவைப் பார்த்து, சோலானா என்ற கிரிப்டோ நாணயத்தின் தளத்தில் ஓடும் ஒரு மீம்காயினில் (இணையக் கேலியை வைத்து உருவாக்கும் காயின்) 40,000 ரூபாய் போட்டேன். 4 லட்சம் காயின் கிடைத்தது. இப்போது வாலட் 2 லட்சம் ரூபாய் காட்டுகிறது. விற்கிறேன் என்றால் ‘பேப்பர் ஹேண்ட்ஸ்’, ‘ஜீட்’ என்று ஏசுகிறார்கள். ‘எம்-கேப் 50 கோடி, எல்.பி. பர்ன் ஆகிவிட்டது, பயமே வேண்டாம்’ என்கிறார்கள். டெக்ஸ்ஸ்கிரீனர் என்ற விலை காட்டும் தளத்தில் லிக்விடிட்டி 40 லட்சம் என்று இருக்கிறது. ஏலச்சீட்டு எடுத்த 2 லட்சத்தையும் போடச் சொல்கிறார் அத்தான். இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்? நான் என்ன செய்யட்டும்?

பதில்: விற்றுவிடுங்கள். சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். காரணம் நீங்கள் கேட்ட சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

எம்-கேப் என்பது மொத்தக் காயினைக் கடைசி விலையால் பெருக்கி வரும் கணக்கு. 100 கோடி காயின், ஒன்று 50 காசு, ஆக 50 கோடி. அவ்வளவு பணம் எங்கும் இல்லை. லிக்விடிட்டிதான் பூலில், அதாவது காயினும் சோலானாவும் சேர்ந்து கிடக்க, வாங்குவதும் விற்பதும் நடக்கும் பொதுப் பெட்டியில், கிடக்கும் சரக்கு. அதிலும் காட்டுகிற 40 லட்சத்தில் பாதி அந்தக் காயினாகவே இருக்கும். மீதி 20 லட்சத்துக்கான சோலானா மட்டுமே வெளியே எடுக்கக்கூடிய பணம். ஐந்தொகை எழுதிப் பழகிய ஊர் உங்களுடையது. ஏட்டில் இருக்கும் சொத்து வேறு, பெட்டியடியில் இருக்கும் ரொக்கம் வேறு.

இனி விற்றுப் பார்ப்போம். பூலில் 40 லட்சம் காயினும் 20 லட்சம் ரூபாயும் இருக்கின்றன. இரண்டையும் பெருக்கி வரும் எண் மாறாதபடிதான் பூல் விலை போடும். உங்கள் 4 லட்சம் காயின் உள்ளே போனால், கட்டணம் நீங்கலாக, சுமார் 1,81,800 ரூபாய் வரும். 2 லட்சம் வராது. இந்தக் குறைவுக்குப் பெயர் பிரைஸ் இம்பேக்ட். நடுவில் புதிதாக வாங்குபவர்கள் வராதவரை, பிரித்துப் பிரித்து விற்றாலும் இது குறையாது. உங்களுக்கு முன்னால் வேறொருவர் 40 லட்சம் காயினை விற்றுவிட்டால் விலை 50 காசிலிருந்து 12.5 காசுக்கு இறங்கும். அப்போது உங்கள் 4 லட்சம் காயினுக்கு 47,600 ரூபாய்தான். அந்த 40 லட்சம் என்பது மொத்தக் காயினில் 0.4% மட்டுமே! டெவ், அதாவது காயினை உருவாக்கியவர், 5% வைத்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். 2024 ஜனவரியில் பம்ப்.ஃபன் என்ற தளம் வந்தபின் ஒரு காயினை உருவாக்கச் சில நிமிடங்களே போதும்.

‘எக்ஸிட் லிக்விடிட்டி’ என்பது இதைத்தான். முன்னால் வாங்கியவர் வெளியேறப் பின்னால் வருபவர் கொண்டுவரும் பணம். உங்கள் சீட்டுப் பணத்தை அந்தக் குழு அப்படித்தான் பார்க்கிறது, அத்தானுக்கு இது தெரியாமலே இருக்கலாம். விலை விழுந்தபின் விற்க முடியாமல் மாட்டிக்கொண்டவர் ‘பேக் ஹோல்டர்’. டைமண்ட் ஹேண்ட்ஸ் (விற்காமல் பிடித்திருப்பவர்), பேப்பர் ஹேண்ட்ஸ் (பயந்து விற்பவர்), ஜீட் (சீக்கிரமே விற்றுவிடுபவர்), ‘ஃபட் பரப்பாதே’ (வீண் பயம் கிளப்பாதே) எல்லாமே விற்பவரைக் கூச வைக்கும் சொற்கள். எந்தச் சொல்லுக்குப் பின்னால் சரிபார்க்க ஓர் எண் இல்லையோ, அதை நம்பிப் பணத்தை வைத்திருக்காதீர்கள். விற்காமல் வைத்திரு என்று சொல்லும் ‘ஹோட்ல்’கூட 2013 டிசம்பரில் ஒருவர் ‘ஹோல்ட்’ என்பதைத் தப்பாகத் தட்டியதில் பிறந்த சொல்தான்.

எல்.பி. பர்ன் உண்மையிலேயே நல்ல அறிகுறி. பூலில் பணம் போட்டதற்கான ரசீது எல்.பி. டோக்கன், அதை எரித்துவிட்டால் பூலையே சுருட்டிக்கொண்டு போக முடியாது. ஆனால் டெவ் தன் கையிலுள்ள காயினை அதே பூலில் கொட்டுவதை அது தடுக்காது. அதுவும் ‘ரக் புல்’தான், அதாவது உருவாக்கியவரே பணத்தைச் சுருட்டும் மோசடிதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். காயினின் முகவரியை (சி.ஏ. என்பார்கள், ஆடிட்டர் அல்ல) காயினைச் சோதித்துச் சொல்லும் ரக்செக் தளத்தில் ஒட்டிப் பாருங்கள். மின்ட் அத்தாரிட்டி திறந்திருந்தால் இன்னும் காயின் அச்சிடலாம். ஃப்ரீஸ் அத்தாரிட்டி திறந்திருந்தால் உங்கள் கணக்கையே முடக்கலாம். வாங்க முடியும், விற்க முடியாது என்ற பொறிக்கு ‘ஹனிபாட்’ என்று பெயர். 2021 நவம்பரில் ஸ்க்விட் என்ற காயின் 2,800 டாலரைத் தாண்டி ஏறிச் சில நிமிடங்களில் ஒன்றுமில்லாமல் போனபோது, வாங்கியவர்களில் பெரும்பாலோரால் விற்கவே முடியவில்லை. அதனால் முதலில் 5,000 காயினை மட்டும் விற்று, சோலானா கைக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அன்றைக்கே மீதியையும் விற்றுவிடுங்கள். ‘ஏர்ட்ராப் (இலவசக் காயின்) தருகிறோம்’ என்று யார் கேட்டாலும் வாலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் கொடுக்காதீர்கள். பணம் திருட்டுப் போனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

வரிப் பணத்தை முதலிலேயே தனியே எடுத்து வையுங்கள். லாபத்தில் 30%, அதன்மேல் 4% செஸ், ஆக 31.2%. 1,81,800-க்கு விற்றால் லாபம் 1,41,800; வரி சுமார் 44,240. வாங்கிய விலையைத் தவிர எதையும் கழிக்க முடியாது, பரிவர்த்தனைக்குக் கட்டும் கேஸ் கட்டணத்தைக்கூட. வேறு காயினில் வந்த நட்டத்தையும் இதில் ஈடுகட்ட முடியாது: ஒன்றில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 80,000 நட்டம் என்றாலும் 1 லட்சத்துக்கும் வரி உண்டு. சோலானா கொடுத்து மீம்காயின் வாங்கியதும் சட்டப்படி சோலானாவை விற்றதுதான், அதற்கும் கணக்கு வேண்டும். எக்ஸ்சேஞ்சில் ரூபாயாக்கும்போது 1% டி.டி.எஸ். பிடிப்பார்கள், வரித் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கடைக்கு நீங்கள் ஐ.டி.ஆர்.-4 என்ற வருமான வரிப் படிவம் போடுபவராக இருந்தால் இந்த ஆண்டு அது செல்லாது, கிரிப்டோ கணக்கைக் காட்டும் வி.டி.ஏ. அட்டவணை அதில் இல்லை. வாலட்டின் பரிவர்த்தனைப் பட்டியலைத் தேதியோடு இறக்கி ஆடிட்டரிடம் கொடுத்து, ஐ.டி.ஆர்.-3 போடச் சொல்லுங்கள்.