பதினாறு வயது மகன் ராத்திரியில் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான், வீட்டிலோ எனக்கும் கணவருக்கும் ஓயாத சண்டை. அவனை எப்படித் திருத்துவது?

இதே கேள்வியோடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் தவித்திருக்கிறேன். அதனால் என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

கடைக்காக வாங்கிய கடன், அடகு வைத்த என் நகை. இவர் கடையை மூடிவிட்டு வந்ததும் அந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். மகன் அப்போது பிளஸ் ஒன். சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு, அப்பாவின் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். கூடாத சேர்க்கை என்று அவன் நண்பர்களைத்தான் திட்டித் தீர்த்தேன். ஒரு நாள் ரிங் ரோட்டில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. ஹெல்மெட் போட்டிருந்தான், அந்த மட்டும் பிழைத்தான்.

ஆஸ்பத்திரியில் எங்களிடம் வாயே திறக்கவில்லை. என் நாத்தனாரிடம்தான் சொல்லியிருக்கிறான்: “என் டியூஷன் ஃபீஸாலதான் சண்டைன்னு நினைச்சேன் அத்தை. நான் வீட்ல இல்லன்னா பேச்சு வராதுல்ல?”

அதைக் கேட்டு இவர் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாவியை இன்றைக்கே வாங்கிப் பூட்டி வையுங்கள், அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். கியர் வண்டிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ஆனால் சாவியை மட்டும் வாங்கினால் அவன் நண்பன் வண்டியின் பின்னால் ஏறிப் போவான். என் மகன் போனான்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். கடன் எவ்வளவு, எதற்கு வாங்கினோம் என்று அவனை உட்கார வைத்துச் சொன்னோம். உன் படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை இவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். பணப் பேச்சு இனி ஞாயிறு காலையில், மொட்டை மாடியில் மட்டும் என்று முடிவு செய்தோம். முதல் மாதம் நான்தான் இரண்டு முறை மீறினேன். இரண்டு முறையும் அவன் வெளியே போனான்.

எனக்கே தாங்காதபோது 14416-க்கு போன் செய்தேன். அரசின் மனநல ஆலோசனை எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உங்கள் வீட்டுச் சண்டை கைகலப்பு வரை போகிறது என்றால் 1098-க்கு அழைக்கத் தயங்காதீர்கள். அது குழந்தைகளுக்கான உதவி எண்.

இப்போது ராத்திரியில் வெளியே போனால் அத்தைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போகிறான். எங்களிடம் சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போல.