கஷ்ட காலத்தில் நற்செய்திக் கதைகளை வாசித்தால் கடவுள் கூட இருக்கிறார் என்ற தெம்பு உண்மையிலேயே வருமா?

வரும். ஆனால் நோய் தீர்ந்த வரியை மட்டும் வாசித்தால் வராது. இப்படியொரு கேள்வியை யாரும் சும்மா கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குக் கைகொடுத்தது பைபிளில் மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரம். யூதர்களின் தொழுகைக்கூடத் தலைவர் யாயிர், சாகக் கிடக்கும் மகளுக்காக இயேசுவின் காலில் விழுகிறார். இயேசுவும் கிளம்புகிறார். வழியில், 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் அவதிப்பட்டு, இருந்ததையெல்லாம் வைத்தியத்துக்கே செலவழித்த ஒரு பெண் அவர் ஆடையைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று தேடி, அவள் சொல்வதை முழுக்கக் கேட்கிறார். பக்கத்தில் நின்ற அந்தத் தகப்பனுக்கு எப்படி இருந்திருக்கும்! அதற்குள் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து, மகள் போய்விட்டாள், இனி போதகரைத் தொந்தரவு செய்யாதீர் என்கிறார்கள்.

என் மகனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் 20,000-க்குக் கீழே போனதும், கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் அன்று ஞாயிறு. புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் பிராந்திக் கடை வாசலில் வண்டிகளைச் சாலையிலேயே போட்டுவிட்டு நிற்கிறார்கள், சைரன் கேட்டும் நகரவில்லை. எல்லையில் இந்தக் கூத்தை ஏன் யாருமே கேட்பதில்லை? அரியாங்குப்பத்தில் மறுபடியும் நெரிசல். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், மூச்சுத்திணறலோடு வந்திருந்த ஒரு பெரியவரைத்தான் டாக்டர் முதலில் பார்த்தார். அது நியாயம்தான். பெற்ற வயிறு கேட்குமா?

அந்த வராந்தாவில்தான் யாயிர் எனக்குப் புரிந்தார். கெட்ட செய்தி வந்த கையோடு இயேசு அவரிடம் சொல்கிறார்: "அஞ்சாதீர், நம்பிக்கையை மட்டும் விடாதீர்." அதோடு விட்டுவிடவில்லை, வீடுவரை கூடவே நடக்கிறார். சாவுச் செய்திக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே யாயிர் தனியாக இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தத் துணைதான். பிளேட்லெட் ஏறுவதற்கு முன்பே அது கிடைத்தது. பிள்ளை பிழைத்ததால் பேசுகிறாள் என்று பின்னூட்டம் போடப்போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஜெபம் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. டெங்குவுக்கென்று தனி மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட நர்சுகள்தான் காப்பாற்றினார்கள். அவர்களை அனுப்பியவர் ஆண்டவர் என்பது என் நம்பிக்கை. "உனக்கு விசுவாசம் பத்தாது, அதான் பிள்ளைக்கு இப்படி" என்று போனில் சொன்ன உறவுக்காரரைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. மகளுக்கு ஏன் நோய் வந்தது என்று யாயிரிடம் இயேசு ஒரு வார்த்தை கேட்டாரா?

21-ஆம் வசனத்திலிருந்து 43 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள், முடிந்தால் வாய்விட்டு. செத்துவிட்டாள் என்று சொன்ன அந்தச் சிறுமி உயிரோடு எழுந்ததும் அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார் இயேசு. நீங்கள் சாப்பிட்டீர்களா? ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர்கள் பட்டினி கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் போய் ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.