குமிழி வந்தால் போதுமா? ஹைட்ரஜன் கேள்வி-பதில்

தண்ணீர் பாட்டில், கார் கிட், பலூன் என்று ஹைட்ரஜன் பற்றியே கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் இந்த முறை ஒரே கட்டாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். 'ஹைட்ரஜன் தண்ணீர்' பாட்டில் ஒன்று 6,800 ரூபாய்க்கு வாங்கினோம். பட்டனைத் தட்டினால் பொடிப்பொடியாகக் குமிழி வருகிறது. மூன்று மாதம் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் விற்றவர். நிறுத்தலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: நிறுத்தவே கூடாது. இன்றைக்கு அம்மா மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று முதலில் பாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

அந்தக் குமிழி ஹைட்ரஜன்தான், அதில் பொய் இல்லை. தண்ணீரில் மின்சாரம் விட்டால் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் இன்னொரு பக்கம் ஆக்சிஜனும் பிரியும். ஆனால் ஹைட்ரஜன் தண்ணீரில் அவ்வளவாகத் தங்காது. சாதாரண அழுத்தத்தில் லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் கரைந்தால் அதிகம், மூடியைத் திறந்து வைத்தால் அதுவும் கிளம்பிப் போய்விடும். 300 மில்லி பாட்டில் என்றால் அரை மில்லிகிராம், வாயுவாகச் சொன்னால் சுமார் ஆறு மில்லி. ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டால் நம் பெருங்குடலில் இருக்கிற பாக்டீரியாக்கள் இதைவிட அதிகமாக ஹைட்ரஜன் தயாரித்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவமனையில் எடுக்கிற மூச்சுப் பரிசோதனையே அந்த ஹைட்ரஜனை அளப்பதுதான். 2007-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி மூளைப் பாதிப்பு குறைந்ததாக எழுதினார்கள், அதிலிருந்துதான் இந்த வியாபாரம் சூடுபிடித்தது. மனிதர்களிடம் நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள். சர்க்கரை மாத்திரைக்கு இது மாற்று என்று அவற்றில் எதுவும் நிரூபிக்கவில்லை.

பாட்டிலை விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அம்மாவுக்காகத் தவித்த தவிப்பை அந்த ஆள் காசாக்கியிருக்கிறார்.

கேள்வி: அந்தப் பாட்டிலுக்குப் பதிலாக, மருந்துக்கடையில் விற்கிற ஹைட்ரஜன் பெராக்சைடை நாலு சொட்டு தண்ணீரில் கலந்து குடித்தால் செலவு மிச்சம் என்கிறார் நண்பர். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: குடிக்காதீர்கள், அது வேறு பொருள், தொண்டையையும் வயிற்றையும் புண்ணாக்கிவிடும்.

கேள்வி: காரில் 'தண்ணீரில் ஓடும்' எச்.எச்.ஓ கிட் 22,000 ரூபாய்க்குப் பொருத்தினேன். மைலேஜ் 40 சதவீதம் கூடும் என்றார்கள், ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. பில் வாங்கவில்லை. இப்போது போனை எடுப்பதில்லை. (வாசகர், கோவை)

பதில்: 200 ரூபாய் டார்ச் லைட்டுக்கே பில் கேட்கிற ஊர் நம்முடையது. 22,000 ரூபாயை நீட்டுகிறபோது ஒரு துண்டுச் சீட்டு கேட்க ஏன் தோன்றவில்லை? பில் வாங்குங்கள் என்று இந்தப் பகுதியில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எச்.எச்.ஓ கிட் என்பது தண்ணீரை மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி. அந்தக் கிட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? காரின் ஆல்டர்னேட்டரிலிருந்து. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது எஞ்சின், எஞ்சினைச் சுற்றுவது நீங்கள் போட்ட பெட்ரோல். ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க ஒன்பது லிட்டர் தண்ணீரும் ஐம்பது யூனிட்டை ஒட்டி மின்சாரமும் ஆகும், திரும்ப எரித்தால் கிடைப்பது சுமார் 33 யூனிட், அதிலும் பெரும்பகுதியை எஞ்சின் வெறும் சூடாக வெளியே விட்டுவிடும். எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் ஹைட்ரஜனில் இருப்பது உண்மைதான், விற்பவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்புச் சாம்பலை மறுபடி விறகாக்கி எரிக்கப் பார்ப்பதும் இதுவும் ஒன்றே.

இந்த மோசடி பழையது. தண்ணீரில் ஓடும் கார் என்று சொல்லி முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கிய ஸ்டான்லி மேயருக்கு எதிராக அமெரிக்காவின் ஓஹையோ நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது, அப்பட்டமான மோசடி என்று கூறி 25,000 டாலரைத் திருப்பித் தர வைத்தது. நம் ஊரில் மூலிகையைப் போட்டுத் தண்ணீரைப் பெட்ரோலாக்கலாம் என்ற மூலிகை பெட்ரோல் பேச்சு பரபரப்பாக ஓடியதும் அதே 1996-ல்தான். கிட்டை உடனே கழற்றிவிடுங்கள், வண்டியின் வாரண்டிக்கும் வில்லங்கம் வரும். பணத்தைப் போன் வழியாக அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வழக்கு கஷ்டம்தான்.

கேள்வி: ஹைட்ரஜன் கார் வரப்போகிறதாமே, இரண்டு வருடம் காத்திருந்து அதையே வாங்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம். ஹைட்ரஜனை 700 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் 700 மடங்கில், அடைக்கும் பங்க் உங்கள் ஊரில் இல்லாதவரை அந்தக் கார் உங்களுக்குப் பயன்படாது. பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்திருக்கிறார்கள். தினமும் ஒரே பாதையில் போய்த் திரும்பும் ரயிலுக்கு ஓர் இடத்தில் நிரப்பும் வசதி இருந்தால் போதும், சொந்தக் காருக்கு அது போதாது.

கேள்வி: வீட்டுக்கு வந்த விற்பனையாளர் எங்கள் போர் தண்ணீரில் ஒரு கருவியை வைத்து மின்சாரம் விட்டார். இரண்டே நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதந்தது. அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. பயந்துபோய் அன்றே 19,500 கொடுத்துவிட்டோம். அது நியாயமான சோதனையா? (வாசகி, விருதுநகர்)

பதில்: இல்லை, அம்மா. இதைப் பற்றி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன், ஏனென்றால் நானும் இதே கருவியைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

அன்று வீட்டில் எட்டு மாதக் குழந்தை. வந்த இளைஞர் சாப்பாட்டு மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளரை வைத்தார், நாலு கம்பி நீட்டிய கருவியை அவற்றில் இறக்கி பிளக்கைச் சொருகினார். எங்கள் குழாய்த் தண்ணீரில் கம்பியைச் சுற்றி வெள்ளையாகக் குமிழி கிளம்பியது, கொஞ்ச நேரத்தில் பச்சை படர்ந்தது, பிறகு துருநிறத்தில் திட்டுத்திட்டாக மேலே மிதந்தது. "இதைத்தான் சார் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்" என்றார். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை, செக் எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் குமிழி, தண்ணீரிலிருந்து பிரிந்த ஹைட்ரஜன். நிக்கல்சன், கார்லைல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1800-லேயே லண்டனில் செய்து பார்த்த மின்பகுப்பு அது. மிதந்த கசடு தண்ணீரில் இருந்ததே இல்லை, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து உண்டானது. தண்ணீரில் கரைந்த உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் பெரிதாகப் பாயாது, அதனால் தெளிவாக இருக்கிறது. நல்ல இளநீரை வைத்தாலும் அந்தக் கருவி அதைச் சாக்கடையாகக் காட்டும். அடுத்த முறை யாராவது இதை எடுத்துக்கொண்டு வந்தால், அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அவரையே மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள், நீங்கள் கருவியைத் தொட வேண்டாம். அந்த டம்ளரும் பழுப்பாகும்.

எங்கள் தண்ணீரைப் பிறகு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 310 மில்லிகிராம். இந்தியத் தரநிலைப்படி 500 வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. அதாவது எனக்கு அந்த இயந்திரமே தேவைப்பட்டிருக்கவில்லை, ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடத்தை அது சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தது. உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பாகவே இருக்கலாம், அப்படியானால் ஆர்.ஓ. பயன்படும். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் முதலில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். தேவையில்லை என்று வந்தால், அந்த அறிக்கையோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும், வக்கீல் இல்லாமலே வாதாடலாம்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு 100 கேஸ் பலூன் கேட்டோம். ஒருவர் ஹீலியம் என்று சொல்லி மற்றவர்கள் கேட்டதில் கால்வாசி விலை சொல்கிறார். வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வாங்காதீர்கள். நம் நாட்டுக்கு ஹீலியம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அந்த விலைக்கு யாராலும் தர முடியாது. அவர் அடைக்கப்போவது பெரும்பாலும் ஹைட்ரஜனாகத்தான் இருக்கும், அலுமினியத் துண்டையும் காஸ்டிக் சோடாவையும் தண்ணீரில் போட்டுத் தெருவோரத்திலேயே தயாரிப்பது. காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் அது பற்றிக்கொள்ளும், பட்டுப்பாவாடை உரசலில் வருகிற பொறியே போதும். நீங்களோ கேக்கில் மெழுகுவத்தி ஏற்றப்போகிறீர்கள், சுற்றிலும் குழந்தைகள். வாயால் ஊதின பலூனை நூலில் கட்டிக் கூரையில் தொங்கவிடுங்கள்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரியைப் பூஜை மாடத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். சில நாளாகக் கெட்ட முட்டை நாற்றம் வருகிறது. ஹைட்ரஜன் கசிகிறதா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஹைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது. நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது, பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிச் சூடாகிறது என்று அர்த்தம், அது நச்சு வாயு. அந்த நிலையில் வாசனையில்லாத ஹைட்ரஜனும் கூடவே நிறைய வந்துகொண்டிருக்கும், எல்லா வாயுவிலும் லேசானது என்பதால் நேராக மேலே, உங்கள் விளக்கு இருக்கிற இடத்துக்குத்தான் போகும். இன்றைக்கு விளக்கு ஏற்ற வேண்டாம், ஜன்னல்களைத் திறந்து விடுங்கள், பேட்டரிப் பக்கம் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வீட்டின் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சரிசெய்த பிறகும் பேட்டரி அங்கே வேண்டாம், வெளிக்காற்று படுகிற வராந்தாவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.