எல்லையோரத்தில் மகள் பங்கு: கேள்வி பதில்

நகரி: எனக்கும் என் நாத்தனாருக்கும் 1987இல்தான் கல்யாணம். என் பிறந்த வீடு தமிழ்நாட்டுத் திருத்தணி, அவருக்கு ஆந்திரத்து நகரி. பூர்வீக நிலத்தில் அவருக்குப் பங்கு உண்டு, எனக்கு இல்லை என்கிறார்களே?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது அம்மா. மகளுக்குப் பிறப்புரிமை தரும் சட்டம் ஆந்திரத்தில் 1985 செப்டம்பர் 5, தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25. அந்தந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களை இரண்டுமே விட்டுவிட்டன. உங்கள் 1987 நடுவில் மாட்டிக்கொண்டது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வராமல் இருந்திருந்தால் நீங்களும் அன்றே பங்காளி! இப்போது அந்தப் பேதம் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தம் கல்யாணக் கணக்கையே எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் அதை அசைக்க முடியாது. முதலில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்.

புத்தூர்: பங்கு கேட்டால் தாய்வீட்டு உறவு போகும். அரை ஏக்கருக்காக இது தேவையா?

உறவு உங்கள் முடிவு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், நிலமோ வீடோ இல்லாத மனைவியரில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். இரண்டும் சொந்தமாக வைத்திருந்தவர்களில் 7 சதவீதம். போக இடம் இருக்கிறவளை அடிக்கக் கை யோசிக்கும். அரை ஏக்கரை அப்படியும் பாருங்கள்.

சத்தியவேடு: அண்ணன் தெலுங்கில் எழுதிய பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். வாரிசுச் சான்றுக்கு என்றார்.

பெரும்பாலும் விடுதலைப் பத்திரமாக, அதாவது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரமாக இருக்கும். இன்று பெண்கள் பங்கை இழப்பது சட்டத்தால் அல்ல, இந்த ஒரு கையெழுத்தால்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கி, தெலுங்கு தெரிந்த வெளியாளை விட்டு வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ஏமாற்று என்றால், தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் ரத்து வழக்குப் போட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

சிற்றூர், பாலக்காடு: எங்களுக்கும் இதே கணக்கா?

கேரளம் 1976 டிசம்பர் 1இல் கூட்டுக்குடும்பத்தையே ஒழித்தது. அந்தச் சட்டப்படி அன்று அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச்சொத்து. ஆனால் அதன் முக்கியப் பிரிவுகள் 2005 மத்தியத் திருத்தத்துக்கு முரண் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது, அதனால் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உயில் இல்லாமல் இறந்திருந்தால் அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சமம். அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும்.

நகரி: இரு மாநிலத்திலும் நிலம். இரண்டு வழக்கா? காசு?

ஒன்று போதும், நிலம் இருக்கும் ஏதாவது ஓர் ஊர் நீதிமன்றத்தில் முழுவதற்கும் போடலாம். அரசு சட்ட உதவி வழியாகப் போனால் வக்கீல், நீதிமன்றக் கட்டணம் இரண்டுமே பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசம். சட்ட உதவி எண் 15100க்குப் பேசுங்கள்.