மனப்பாடம் செய்த பேச்சு மேடையில் ஏன் மறக்கிறது? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஆண்டு விழாவில் வரவேற்புரை எனக்கு. சிறப்பு விருந்தினரையும் நானே அறிமுகம் செய்ய வேண்டுமாம். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. வரவேற்புரை கூடியிருக்கும் எல்லோருக்குமானது. விழாவின் நோக்கத்தை இரண்டு வரியில் சொல்லி, மேடையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி வரவேற்று, 3 நிமிடத்தில் முடித்துவிடலாம். அறிமுகவுரையின் வேலை, அடுத்துப் பேசுபவரைக் கேட்கும் ஆவலைத் தூண்டுவது. அவருடைய பட்டங்கள் அத்தனையையும் அடுக்காதீர்கள். அன்றைய தலைப்போடு ஒட்டிய இரண்டு மூன்று போதும். பெயரைக் கடைசியில் சொன்னால் கைதட்டல் தானாக வரும். அவர் பேசவிருக்கும் கருத்தை நீங்களே விளக்கிவிடக் கூடாது. பெயரின் உச்சரிப்பையும் பதவியையும் முன்கூட்டியே அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 10 நிமிடப் பேச்சை எழுதி மனப்பாடம் செய்தேன். வீட்டில் தடையின்றி வந்தது, மேடையில் பாதியில் நின்றுவிட்டது. என்ன தவறு?

பதில்: உழைப்பில் குறை இல்லை, முறையில்தான் குறை. மனப்பாடத்தில் ஒரு சொல்தான் அடுத்த சொல்லை இழுத்து வருகிறது. யாரோ இருமினாலும் கண் அங்கே போகும். அந்த ஒரு சொல் நழுவினால் அதன் பின்னால் வர வேண்டியதெல்லாம் நின்றுவிடும். ஆகவே சொற்களை விட்டுவிட்டு, கருத்துகளின் வரிசையை மனத்தில் ஏற்றுங்கள்.

10 நிமிடத்துக்கு மூன்று கருத்துகளுக்கு மேல் வேண்டாம். தொடக்கம் 1 நிமிடம், கருத்துக்கு இரண்டரை நிமிடம், முடிவுக்கு ஒன்றரை நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யலாம். பதற்றம் அதிகம் இருப்பது தொடக்கத்தில். பேச்சு இழுபடுவது முடிவில். மற்றவற்றை உள்ளங்கை அளவு கெட்டி அட்டைகளில், கருத்துக்கு ஓர் அட்டையாக, நாலைந்து குறிப்புச் சொற்களாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அட்டைகளுக்கு எண் போட மறக்காதீர்கள். கீழே விழுந்தால் வரிசை குலைந்துவிடும். மெல்லிய தாள் வேண்டாம். கை லேசாக நடுங்கினாலும் தாள் அதைப் பெரிதாக்கிக் காட்டும்.

ஒத்திகையை நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்து ஐந்து முறையாவது செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறட்டும், வரிசை மாறக் கூடாது. நேரம் போதாவிட்டால் எந்தக் கருத்தை விடுவது என்பதையும் அப்போதே முடிவு செய்து அட்டையில் குறியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மறந்தால், பேச்சை நிறுத்தி அட்டையைப் பாருங்கள். மூன்று விநாடி மௌனம் உங்களுக்குத்தான் நீளம்; கேட்பவர்கள் மூச்சு விட அது வேண்டியதுதான்.

கேள்வி: இரத்த தானம் பற்றிப் பேசினேன். எல்லோரும் பாராட்டினார்கள், ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

பதில்: நீங்கள் ஆற்றியது தகவலுரை, அங்கே தேவைப்பட்டது தூண்டுரை. அரிஸ்டாட்டில் பேச்சைக் காலத்தை வைத்து மூன்றாகப் பிரித்தார்: நடந்ததை விசாரிக்கும் வழக்குரை, இன்றுள்ள சிறப்பைப் போற்றும் புகழுரை, இனிச் செய்ய வேண்டியதை வலியுறுத்தும் ஆலோசனையுரை. கேட்பவரைச் செயலுக்குத் தூண்டும் உங்கள் தூண்டுரை இந்த மூன்றாம் வகை. உங்கள் குறிப்புகளில் உள்ள வினைச்சொற்களைப் பாருங்கள். 'கண்டுபிடித்தார்கள்', 'வளர்ந்தது' என்று இறந்தகாலமே நிறைந்திருந்தால், கேட்பவர் செய்வதற்கு நீங்கள் எதையும் சொல்லவில்லை என்று பொருள்.

தூண்டுரைக்கு ஒரே வேண்டுகோள் போதும்: எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும். அதற்கு முன் கேட்பவரின் தயக்கங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வலிக்குமா, எவ்வளவு எடுப்பார்கள், எவ்வளவு நேரம் ஆகும்? ஊசி குத்தும் நொடியில் சுருக்கென்று இருக்கும், எடுப்பது 350 முதல் 450 மில்லிலிட்டர், இரத்தம் இறங்கப் பத்து நிமிடம் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். பெயர்ப் படிவம் பேச்சு முடிவதற்குள் அவர்கள் கையில் இருக்கட்டும். வீட்டுக்குப் போய் யோசிக்கட்டும் என்று விட்டால் எழுந்த ஆர்வம் அடங்கிவிடும்.

கேள்வி: என் குரல் மைக்கில் 'டப் டப்' என்று வெடிக்கிறது, சில சமயம் கூவுகிறது.

பதில்: வெடிப்பது 'ப' போன்ற எழுத்துகளில் வரும் மூச்சுக்காற்று. மைக்கை நான்கு விரல் தள்ளி, வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். கூவுவது, ஒலிபெருக்கியின் சத்தம் திரும்ப மைக்குக்குள் போவதால். ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்காதீர்கள், மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள். சோதிக்கத் தட்டவோ ஊதவோ வேண்டாம். அரங்கம் நிறையும் முன்பே போய் உங்கள் முதல் வாக்கியத்தைப் பேசிப் பாருங்கள்.