கொடுவா எல்லாம் ஆணாகவே இருக்கிறதே, ஹார்மோன் கொடுத்துப் பெண்ணாக்கலாமா?

கேள்வி: ஐயா, வேதாரண்யம் பக்கம் உவர்நீர்க் குளத்தில் கொடுவா வளர்க்கிறேன். சொந்தமாகக் குஞ்சு எடுக்கலாம் என்று 12 மீனை விற்காமல் 3 வருடமாக வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொன்றும் இரண்டரை கிலோ வரும். ஐந்தை அறுத்துப் பார்த்தேன். ஐந்திலும் வெள்ளையாக விந்துப்பைதான், ஒன்றிலும் சினை இல்லை. குஞ்சு கொடுத்தவர் ஆணாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டாரா? திலேப்பியாவுக்குக் கொடுக்கிற மாதிரி ஹார்மோன் தீவனம் கொடுத்துப் பெண்ணாக்க முடியுமா?

பதில்: உங்களை யாரும் ஏமாற்றவில்லை. குஞ்சில் ஆண், பெண் பார்த்துப் பொறுக்கக் கொடுவாவில் வழியே கிடையாது. இந்த மீன் முதலில் ஆணாகத்தான் பருவத்துக்கு வரும். சில வருடம் ஆணாக இருந்துவிட்டு, உடம்பு பெருத்த பிறகு பெண்ணாக மாறும். நம் பக்கத்து வளர்ப்பில் 2 முதல் 3 கிலோ வரை பெரும்பாலும் ஆண். 4 கிலோவைத் தாண்டியதில்தான் சினை எதிர்பார்க்கலாம். ஆணாகாமல் நேரே பெண்ணாக வளர்வதும் ஆசியக் கடல்களில் உண்டு, ஆனால் அது அபூர்வம். நீங்கள் அறுத்த ஐந்தும் இன்னும் ஓரிரு வருடம் இருந்திருந்தால் தாய் மீனாகியிருக்கக் கூடியவை. அதை நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மாற்றம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஹார்மோன் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். உங்கள் ஊரில் பனையேறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாளையில் வடிவது ஒரே சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். மீனின் இனப்பெருக்க உறுப்பிலும் இப்படித்தான். கொழுப்பிலிருந்து படிப்படியாக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உருவாகிறது. அது ஆண் மீனிலும் உண்டு, பெண் மீனிலும் உண்டு. விந்துப்பையில் அது 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோனாக மாறும். மீன்களில் விந்து உற்பத்தியை நடத்தும் முக்கிய ஆண் ஹார்மோன் இதுதான். அதே டெஸ்டோஸ்டிரோன் மேல் அரோமட்டேஸ் என்ற நொதி வேலை செய்தால் எஸ்ட்ராடியால் என்ற பெண் ஹார்மோன் ஆகிவிடும். கலயத்துச் சுண்ணாம்பு மாதிரி, இந்த நொதி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சிறிய கொடுவாவில் ஆண் பக்கத்து வேலைதான் ஓங்கி நடக்கும். மீன் பெருத்து, ஆணாக ஒரு பருவம் விந்து விட்டு முடித்த பிறகு அந்த உற்பத்தி இறங்கும். விந்துப்பையின் திசு சுருங்கிக் கரைய, அதே இடத்தில் சூலகம் வளரும். அரோமட்டேஸ் கூடி எஸ்ட்ராடியால் ஏறும். அது ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய், முட்டையின் மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதத்தை அங்கே தயாரிக்கச் செய்கிறது. ஆக ஹார்மோன் மட்டும் போதாது. அந்தப் புரதத்தைக் கொடுக்கிற அளவுக்கு உடம்பும் தீனியும் வேண்டும்.

களவா மீனில் இதெல்லாம் தலைகீழ்: முதலில் பெண், பிறகு ஆண். அங்கே ஆண் கிடைக்காமல்தான் பொரிப்பகத்தார் திண்டாடுவார்கள்.

திலேப்பியா கதை வேறு. அதில் பாலினம் முடிவாகாத குஞ்சுப் பருவத்தில், முதல் 3, 4 வாரம் மட்டும் ஆண் ஹார்மோன் தீவனம் கொடுக்கிறார்கள். உங்களிடம் இருப்பது வளர்ந்த மீன். கொடுவாக் குஞ்சுக்கு எஸ்ட்ராடியால் கொடுத்து நேரே பெண்ணாக்க முடியும் என்று ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது ஆய்வுக்கூடத்து வேலை. நாளைக்குச் சந்தைக்குப் போகிற மீன் இருக்கும் குளத்தில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சாப்பிடுகிறவர் நம்மை நம்பித்தான் வாங்குகிறார்.

பொரிப்பகத்தில் ஊசி போடுகிறார்களே என்று நீங்கள் கேட்கக்கூடும். அது பாலின ஹார்மோன் இல்லை. எல்.எச்.ஆர்.எச்.ஏ. என்ற அந்த மருந்து மூளையடிச் சுரப்பியைத் தூண்டி, ஏற்கெனவே முதிர்ந்த சினையை வெளியே விடச் செய்கிறது. ஆணைப் பெண்ணாக்காது. முதலில் மெல்லிய குழாயைப் பெண் மீனின் இனத்துளையில் மெதுவாகச் செலுத்தி, சில முட்டைகளை உறிஞ்சி எடுத்து அளப்பார்கள். அரை மில்லிமீட்டரை நெருங்கியிருந்தால்தான் ஊசி. போட்டு 30 முதல் 36 மணி நேரத்தில் முட்டையிடும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் இப்படித்தான் கொடுவாவை நம் நாட்டில் முதன்முதலாகப் பொரிக்க வைத்தது.

மீதி ஏழு மீனுக்கு வருவோம். நல்ல விலை வந்தால் நான்கை விற்றுவிடுங்கள். நீளமான, காயமில்லாத மூன்றை மட்டும் வைத்து, உடல் எடையில் 5 சதவீதம் புது மீன் துண்டுகளை இரையாகக் கொடுத்து 4, 5 கிலோ வரை கொண்டு வாருங்கள். இனி அறுத்துப் பார்க்க வேண்டாம். பருவத்தில் வயிற்றை வாலை நோக்கி மெதுவாகத் தடவினால் ஆணிலிருந்து பால் போல விந்து வரும். ஆனால் ஒன்று, பெண்ணாக மாறினாலும் உங்கள் குளத்தில் முட்டையிடாது. கொடுவா முட்டையிடக் கழிமுகத்துக்கு இறங்குகிற மீன். 28 முதல் 32 பி.பி.டி. (ஆயிரத்தில் இத்தனை பங்கு) உப்பு, அதாவது கடல் தண்ணீரே வேண்டும். அதனால் குஞ்சைப் பொரிப்பகத்திலேயே வாங்குங்கள். இந்த மூன்றும் தாய் மீனாகிவிட்டால், பொரிப்பகத்தாரிடமே பேசிப் பாருங்கள். நல்ல தாய் மீனுக்கு அவர்களிடம் எப்போதும் தேவை இருக்கிறது.