போர் முரசைக் கொட்டும் உரிமை யாருக்கு?

கேள்வி: என் மகன் வளைகுடா நாட்டில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான். அந்தப் பக்கம் குண்டு விழுந்தது என்று செய்தி வந்தாலே எங்கள் கடற்கரையில் யாருக்கும் உறக்கம் வருவதில்லை. அமெரிக்க அதிபர் ஒருவரே நினைத்தால் போர் தொடுத்துவிடலாமா? நம் நாட்டில் எப்படி?
– வாசகர் ஒருவர், குளச்சல்

பதில்: தங்கள் ஊர்க் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூண், 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்ததைச் சொல்கிறது. போரா சமாதானமா என்பதை மன்னர் ஒருவரே தீர்மானித்த காலம் அது. அந்த அதிகாரம் ஒரே கையில் இருக்கக்கூடாது என்றுதான், அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள் படைகளின் தலைமையை அதிபருக்கும், போர் அறிவிக்கும் உரிமையைக் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்நாடு முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942இல். கொரியா, வியட்நாம், ஈராக் ஆகிய எந்தப் போரும் அவ்வாறு அறிவிக்கப்பட்டதல்ல. 1964இல் வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் தம் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாக அதிபர் ஜான்சனின் அரசு கூறியதை நம்பி, காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபை ஓர் எதிர்வாக்குகூட இல்லாமல் 416 வாக்குகளால், வியட்நாமில் படை நடவடிக்கை எடுக்க அதிபரின் கையை அவிழ்த்துவிட்டது. இரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. பட்ட பிறகே, 1973இல், அதிபர் நிக்சனின் வீட்டோவையும் (சட்டத்தைத் தடுக்கும் மறுப்பையும்) மீறிப் போர் அதிகாரத் தீர்மானம் சட்டமானது. படையை இறக்கிய 48 மணி நேரத்துக்குள் அதிபர் காங்கிரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் படையைத் திரும்பப் பெற வேண்டும்; பாதுகாப்பாக வெளியேறத் தேவைப்பட்டால் மட்டும் மேலும் 30 நாட்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு துறைமுகத்தை அழிக்க ஒரே இரவு போதும் என்கிறபோது இந்த 60 நாள் கணக்கு யாரைக் காக்கும்? ஏமன் போரிலிருந்து விலகச் சொல்லி 2019இல் இரு அவைகளும் நிறைவேற்றிய தீர்மானத்தையும் டிரம்ப் வீட்டோ செய்தார். அதை மீற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. உண்மையில் பலித்த கடிவாளம் பணம்தான்: 1973 ஆகஸ்ட் 15க்குப் பின் கம்போடியாவில் குண்டு வீசக் காசு கிடையாது என்று காங்கிரஸ் கைவிரித்ததும் குண்டுவீச்சு நின்றது.

நம் நாட்டில் அந்த அளவுக்குக்கூடச் சட்டம் இல்லை. போரைக் காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவித்தால் ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். படை அனுப்புவதற்கோ முன் ஒப்புதல் தேவையில்லை. 1987இல் அமைதி காக்கும் படை இலங்கைக்குச் சென்றது அவையின் வாக்கெடுப்பால் அல்ல, ராஜீவ் காந்தி அரசின் முடிவால். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து, ஈழத்தமிழர் பலரது உயிரும் போன பிறகு, 1990இல் அப்படை திரும்பியது. முன்கூட்டியே அவையில் விவாதித்திருந்தால் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்விகள் அனைத்தும் பிணங்கள் வந்த பிறகே கேட்கப்பட்டன. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இதற்கு வழி நம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவருடையது என்று கூறும் 53ஆம் பிரிவே, அதைச் செயல்படுத்துவது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் என்றும் கூறுகிறது. வெளிநாட்டுக்குப் படை அனுப்பும் முன் வாக்கெடுப்பு வேண்டும் என்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றலாம். கன்னியாகுமரித் தொகுதி உறுப்பினரிடம் தாங்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டியது அந்தச் சட்டத்தைத்தான்.